பழைய ஜீப்பைத் தூக்குவதற்கு முன்: வட்டைப் பாதைக்கும் கிறவல் றோட்டுக்கும் எந்த லிஃப்ட் கிட்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய ஹைலக்ஸையோ பஜிரோவையோ டிபென்டரையோ யாரும் கைவிடவில்லை. திருத்தித் திருத்தி ஓடினார்கள். இப்போது அவற்றுக்கு லிஃப்ட் கிட் (பொடியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷொக் தொகுதி) தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. முப்பது வருடம் நெல் மூடை சுமந்த ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிப் போயிருக்கும். அதைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவந்தாலே வாகனம் தூக்கியதுபோலத் தெரியும்.

அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, டாங்கியை நிரப்பி, நான்கு டயருக்கும் காற்றைச் சரிபார்த்து, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நேர் மேலாக அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். அந்த நான்கு அளவுகளையும் அந்த மொடலின் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். சாரதி பக்கம் 10 மில்லிமீற்றர் இறங்கியிருப்பது பழைய வாகனத்தில் சாதாரணம். 25 இறங்கியிருந்தால் ஸ்பிரிங்கை மட்டும் குற்றம் சொல்லாமல் சேஸியையும் ஸ்பிரிங் பிளேட்டுகளையும் பாருங்கள், வெடிப்பு இருக்கக்கூடும்.

இனி சுரிக்கு, அதாவது சேற்றுக்கு, வருவோம். படுவான்கரையில் மாரிக்குப் பிறகு ஒரு வட்டைப் பாதையில் (வயல் பாதையில்) இறங்கினால் உழவு இயந்திரம் போட்ட இரண்டு பள்ளங்களும் நடுவில் ஒரு மேடும் இருக்கும். பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானித்தது உழவு இயந்திரத்தின் பெரிய சில்லு. ஜீப்பின் சில்லு அதற்குள் இறங்கியதும் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் குடம் நடுமேட்டில் உட்கார்ந்துகொள்ளும். முழு அச்சு (இரண்டு சில்லையும் ஒரே குழாய் இணைப்பது) உள்ள வாகனத்தில் ஸ்பிரிங்கை 50 மில்லிமீற்றர் உயர்த்தினாலும் 100 உயர்த்தினாலும் அந்தக் குடம் ஒரு மில்லிமீற்றர்கூட மேலே போகாது. உயர்வது பொடி மட்டும்தான். குடத்தை உயர்த்துவது டயர், அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான். 205 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 730 மில்லிமீற்றர், 235/85 ஆர்16 ஏறக்குறைய 806. வித்தியாசம் 75 அளவில், அச்சு உயர்வது 37 அளவில். லிஃப்ட் செய்கிற உண்மையான வேலை அந்த டயருக்கு இடம் விடுவதும், குளக்கட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கமும் பின் பம்பரும் இடிக்காமல் காப்பதும்தான். சுரியில் டயர்க் காற்றை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் கிடைக்கும் பிடி எந்தக் கிட்டிலும் வராது. திரும்பி வரக் காற்றடிக்கும் கொம்பிரசர் ஒன்றும் வாகனத்தில் கிடக்கட்டும்.

பெரிய டயருக்கும் விலை உண்டு. மேலே சொன்ன மாற்றத்தில் மீற்றர் ஏறக்குறைய பத்து வீதம் குறைத்துக் காட்டும். 60 என்று காட்டும்போது ஓடுவது 66. கியரும் அதே அளவு நீண்டுவிடும். டர்போ இல்லாத 2.8 டீசல் எஞ்சின் இரண்டாம் கியரில் சுரியை இழுக்கத் திணறும்.

ஹைலக்ஸ் எல்என்106தான் இந்தப் பக்கத்துக்கு லிஃப்ட் செய்ய மிகவும் ஏற்றது. முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங். அவுஸ்திரேலியக் கிட்டுகளில் ஓல்ட் மேன் ஈமு, அயன்மேன், டொபின்சன்ஸ் மூன்றும் 40 முதல் 50 மில்லிமீற்றர் உயரத்தில் முழு ஸ்பிரிங் கட்டாக வருகின்றன. பெயரைவிட முக்கியம் எந்த லோட் வகையை எடுக்கிறீர்கள் என்பது. ஒரே உயரத்துக்கு மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று ஸ்பிரிங் இருக்கும். ஒவ்வொன்றும் பின்னால் எப்போதும் கிடக்கும் பாரத்தைக் கணக்கில் வைத்துச் செய்தது. இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அறுவடைக் காலத்தில் 60 கிலோவுக்கு மேல் கனக்கும் மூடை பத்து ஏற்றுவோம் என்று நினைத்துக் கனமானதை வாங்கினால், வருடத்தில் மிச்சப் பத்து மாதமும் வெறும் கெப் கல்லுமாதிரி துள்ளும். துள்ளும் சில்லு கிறவல் றோட்டில் பிடி விடும், பிரேக்கும் நீளும். நடுத்தரத்தை வாங்குங்கள். அறுவடைக்கு மூடையைப் பிரித்து இரண்டு நடையாக ஏற்றுங்கள். முன்னால் இரும்பு புல்பாரும் வின்ச்சும் பூட்டியிருந்தால் அது 80, 100 கிலோ வரை போகும். முன் ஸ்பிரிங்கைக் கேட்கும்போது அதைச் சொல்லாமல் விட்டால் கிட் பூட்டிய அன்றே மூக்கு குனிந்து நிற்கும்.

மலிவு வழிகள் மூன்று. ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷக்கிளை நீளமாகப் போடுவது முதலாவது. 50 மில்லிமீற்றர் உயர 100 நீளம் கூட்ட வேண்டும். ஷக்கிள் முன்நுனியில் இருக்கும் முன் ஸ்பிரிங்கில் இது அச்சை முன்பக்கம் சரித்து, காஸ்டரை (ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் சாய்வுக் கோணத்தை) குறைத்து, ஸ்டியரிங்கை அலைய விடும். இரண்டாவது, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பது. பின்னால் ஒரே கட்டை என்றால் சமாளிக்கலாம். முன்னால் ஒருபோதும் வேண்டாம், கட்டைமேல் கட்டையும் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது அச்சு சுழல முயன்று கட்டை கழன்றுவிடும். மூன்றாவது, உள்ளூர்ப் பட்டறையில் பிளேட்டைக் கழற்றி மறுபடி வளைத்துக்கொள்வது. வேலை தெரிந்தவர் குளிரிலேயே தட்டி வளைத்தால் ஓரளவு நிற்கும். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு முறையாகப் பதப்படுத்தாமல் விட்டால் இரும்பு தன் வில்தன்மையை இழந்துவிடும், சில மாதத்தில் பழைய உயரத்துக்கே வந்து நிற்கும். கம்பெனி உயரத்தை மீட்க மட்டும் பட்டறைக்குப் போகலாம். லிஃப்டுக்குப் போகாதீர்கள்.

எந்த வழியானாலும் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ-போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கிய யூ-போல்ட் இழுபட்டிருக்கும். குறுக்குக் குறுக்காக, கையேடு சொல்லும் டோர்க்குக்கு இறுக்குவது முறை.

ஹைலக்ஸிலும் மிட்சுபிஷி எல்200இலும் பல மெக்கானிக்குகள் தவறவிடும் ஒரு இடம், பின் அச்சிலிருந்து சேஸிக்குப் போகும் மெல்லிய கம்பியும் அதன் மேலுள்ள பிரேக் வால்வும். பாரம் ஏறிப் பொடி இறங்கினால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அதன் வேலை. லிஃப்ட் போட்டதும் வாகனம் எப்போதும் வெறுமையாக இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பலவீனமாகி முன் பிரேக் சீக்கிரம் தேயும். எவ்வளவு உயர்த்தினீர்களோ, அவ்வளவுக்கு அந்தக் கம்பியின் பிராக்கெட்டையும் மாற்றிப் பூட்ட வேண்டும்.

டிபென்டர் நான்கு மூலையிலும் கொயில் ஸ்பிரிங். 110 மொடலுக்கு 7.50-16 அல்லது 235/85 ஆர்16 கம்பெனி அளவிலேயே வருவதால் டயருக்காகத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. தூக்குவதாக இருந்தால் 40 மில்லிமீற்றரோடு நிறுத்துங்கள். டெராஃபெர்மாவும் ஓல்ட் மேன் ஈமுவும் நடுத்தர, கன லோட் ஸ்பிரிங்குகளை இதற்குத் தருகின்றன. இதன் முன் அச்சை இரண்டு நீண்ட ஆர்ம் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன. பொடி உயர்ந்தால் அந்த ஆர்ம் கீழே சாய்ந்து அச்சை முன்பக்கம் உருட்டும். கம்பெனி காஸ்டர் 3 பாகைதான். 50 மில்லிமீற்றரில் அதில் பாதிக்கு மேல் போய்விடும். விளைவு: வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, கல்முனை நெடுஞ்சாலையில் நேராகப் போகவே கை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். கிட்டோடு காஸ்டர் திருத்தும் புஷ் அல்லது திருத்திய ஆர்ம் வருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கிட் பாதிக் கிட்தான். 50க்கு மேல் போனால் முன் புரொபெல்லர் ஷாஃப்டின் கோணமும் கூடி யூனிவர்சல் ஜொயின்ட் அதிரத் தொடங்கும். அச்சைக் குறுக்கே பிடிக்கும் பான்ஹார்ட் ரொட் அதைப் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

டிபென்டரில் வேலை தொடங்கும் முன் முன் ஷொக் டவரைப் பிடிக்கும் வளையம் ஒரு சோடி புதிதாக வாங்கி வையுங்கள். அதன் நான்கு ஸ்டட்டுகள் கடற்காற்றில் துருப்பிடித்துக் கழற்றும்போது முறியும். முறிந்த பிறகு உதிரிப்பாகத்துக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினால் வாகனம் இரண்டு நாள் ஜக்கில் நிற்கும்.

பஜிரோவின் கதை வேறு. 1982இல் வந்த முதல் தலைமுறையிலும் 1991இல் வந்த இரண்டாவதிலும் முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகித் தாங்கும் டோர்ஷன் பார். அதன் போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் உயரும், காசும் செலவில்லை. அதனால்தான் எல்லாக் கராஜிலும் செய்து தருகிறார்கள். பார் அதனால் பலமாவதில்லை. சில்லு கீழே தொங்கக்கூடிய தூரத்தைத் தின்று உயரமாக்குகிறது, அவ்வளவுதான். 25, 30 மில்லிமீற்றருக்கு மேல் போனால் மேல் ஆர்ம் ஒவ்வொரு குழிக்கும் தடையில் இடிக்கும், ஷாஃப்டின் கோணம் கூடி இறப்பர் பூட் கிழியும், அதற்குள் சுரி போனால் ஜொயின்ட் முடிந்தது. கிழிந்த பூட்டை யாரும் உடனே கவனிப்பதில்லை, வளைவில் 'டக் டக்' கேட்ட பிறகே கவனிப்பார்கள். உண்மையாகப் பலம் வேண்டுமென்றால் தடித்த டோர்ஷன் பார் போடுங்கள். இடது, வலது என்று அடையாளம் இருக்கும், மாற்றிப் பூட்டக்கூடாது. பின்னால் கொயில் உள்ளவற்றுக்கு 30 மில்லிமீற்றர் உயரமான கொயில் போதும், டயர் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும். முடிந்ததும் எலைன்மன்ட் கட்டாயம். அதைத் தள்ளிப் போட்டால் முன் டயரின் ஓரம் தேய்ந்து, மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

லீஃப் உள்ள பழைய சுசுகி ஜிம்னிக்கு 40 மில்லிமீற்றர் ஸ்பிரிங் கட்டு தாராளம். அதற்கு மேல் தேவையில்லை.

ஷொக் அப்சோபரை ஸ்பிரிங்கோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய ஷொக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் சில்லு தொங்கும்போது அந்த ஷொக்கே கயிறாகி அச்சைத் தாங்கும். சீல் கிழியும், காது முறியும். அளவுக்கு மீறி நீண்ட ஷொக்கும் ஆகாது, பம்ப் ஸ்டொப்பில் (அச்சு மேலே இடிக்காமல் தடுக்கும் இறப்பர்) அச்சு படும் முன்னே அது உள்ளே முட்டிவிடும். ஸ்பிரிங் இல்லாமல் அச்சை ஸ்டொப் வரை ஜக்கில் ஏற்றி, ஷொக் பூட்டும் இரண்டு இடங்களுக்கும் இடையில் அளந்தால், ஷொக் மூடிய நீளத்தைவிட 15, 20 மில்லிமீற்றர் மிச்சம் இருக்க வேண்டும். பாணமையிலிருந்து உகந்தை வழியாகக் குமண வரை வரிவரியாகக் கிடக்கும் கிறவலில் அடிக்கடி ஓடுகிறவர்களுக்கு அயன்மேன் அல்லது டஃப் டோக்கின் ஃபோம் செல் வகை நல்லது. உள்ளே வாயுவுக்குப் பதில் நுரை இறப்பர் இருப்பதால் எண்ணெய் சூடாகி நுரைப்பது குறைவு. ஒற்றைக் குழாய் ஷொக் சூட்டை இன்னும் நன்றாக விடும். ஆனால் கல் பட்டு உடம்பு நெளிந்தால் அத்தோடு சரி, இரட்டைக் குழாய் ஓரளவு தாங்கும். வட்டைக்கும் கிறவலுக்கும் இரட்டைக் குழாய்தான் எங்கள் தெரிவு. ரீகண்டிஷன் ஷொக்கைக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள், குளிர்ந்த எண்ணெயில் எல்லாமே நல்லதாகத் தெரியும்.

பொலியூரித்தேன் புஷ் பளபளப்பாக இருக்கும். நமது மணலும் சுரியும் உள்ளே போனால் கீச்சிடும், தேயும். டிபென்டரின் ஆர்முக்கு நல்ல இறப்பர் புஷ்ஷே போடுங்கள். பூட்டும்போது புஷ் போல்ட்டுகளைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்க வேண்டாம். கைஇறுக்கத்தில் விட்டு, வாகனத்தைத் தரையில் இறக்கி இரண்டு தரம் அமுக்கி விட்டு அதன்பின் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸைச் சில்லு முழுதாகத் தொங்கும்போது, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். இறுகினால் நீண்ட ஹோஸ் போட்டே ஆக வேண்டும்.

கிரான் - புலிபாய்ந்தகல் பாதைபோல மாரியில் நீர் மூடும் இடங்களில் உயரம் தரும் தைரியம் ஆபத்தானது. பொடி உயர்ந்தாலும் அச்சும் பேரிங்கும் பழைய உயரத்தில்தான். டிபென்டருக்கு கம்பெனி சொன்ன நீர் ஆழம் 500 மில்லிமீற்றர், லிஃப்ட் அதைக் கூட்டாது. சூடான டிஃபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாக நீரை உறிஞ்சும். எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் காரணம் அதுதான். அந்தக் குழாயை எஞ்சின் அறை வரை நீட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம், பலன் லிஃப்டைவிட அதிகம். வாவியின் உவர்நீரில் இறங்கினால் அன்றே நன்னீரில் கழுவுங்கள். ஷக்கிள் காதும் பின் ஸ்பிரிங் இருக்கையும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். லிஃப்ட் வாங்கும் முன் அந்த இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்லது. மந்தமான சத்தம் வந்தால் முதல் செலவு ஒட்டுவேலைக்கு.

குமணவுக்குப் பயணிகளை ஏற்றும், பின் பெட்டியில் உயர இருக்கை பூட்டிய சபாரி ஜீப்புகளை உயர்த்தவே வேண்டாம். பாரம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அவற்றுக்குக் கம்பெனி உயரத்தில் புதிய நடுத்தர ஸ்பிரிங்கும் நல்ல ஷொக்கும் போதும்.

பூட்டி 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ-போல்ட், ஷக்கிள், ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். 1000 கிலோமீற்றருக்குள் கொயில் 5 முதல் 10 மில்லிமீற்றர் வரை அமரும், லீஃப் இன்னும் கொஞ்சம் கூட. அது பழுதல்ல. அமர்ந்த பிறகுதான் ஹெட்லைட்டை இறக்கி எலைன்மன்டைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். பஜிரோவுக்கு முதலில் செய்த எலைன்மன்டையும் அப்போது மறுபடி பாருங்கள். மற்றவற்றுக்கு முதல் நாளே செய்தால் காசு இரண்டாம் தரமும் கொடுக்க நேரும்.