புறா வலை: கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி

எங்கள் வீட்டில் ஒரே கோடையில் இரண்டு முறை புறா வலை கட்டினோம், பால்கனிக்குள் புறா வராமல் தடுக்கும் வலை. முதலில் கட்டியதைப் பதினாறாம் நாள் அறுத்துப் போட்டோம். இரண்டாவது எட்டு மாதமாக நிற்கிறது. வலை கட்ட ஆள் தேடுகிற எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்: சதுர அடிக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு உழைக்கும். நானும் அவ்வளவுதான் கேட்டேன். கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வியின் விலையை என் அப்பா மூச்சால் கொடுத்தார்.

பெரம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கு விடியற்காலைகள் நீண்டுபோயின. பால்கனிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கைப்பிடி கம்பு போட ஆரம்பித்தார். நான்கு புறாக்கள் வந்தன. ஆறு ஆண்டுகளில் அது நாற்பது ஐம்பது ஆனது. மாதம் ஐந்து கிலோ கம்பு, இரண்டு கிலோ உடைத்த கோதுமை. ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. வாயில்லா ஜீவன் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்பா சிரித்துப் பேசுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்பதும் ஒரு காரணம்.

இருமல் வந்தது ஒரு மார்கழியில். வறட்டு இருமல். பனி என்றார்கள், பிறகு ஆஸ்துமா என்றார்கள், சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்றார்கள். இன்ஹேலர் இழுத்தும் குறையவில்லை. அடுத்த சித்திரையில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏற முடிந்தது. நுரையீரல் மருத்துவர் ஒருவர் மாறி இன்னொருவர் என்று மூன்றாவதாகப் பார்த்தவரிடம்தான் விஷயம் பிடிபட்டது.

அதற்கு முன்பும் ஒரு மருத்துவர், “வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார். இல்லை என்றோம். பொய் இல்லை, நாங்கள் எதையும் வளர்க்கவில்லை. இந்த மருத்துவர் கேள்வியை மாற்றிக் கேட்டார். “ஐயா, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?” அப்பா மகிழ்ச்சியோடு சொன்னார்: “புறாக்களுக்குத் தீனி போடுவேன்.” மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டு, அதன் முனையை அப்பாவின் முதுகில் கீழே வைத்தார். பள்ளிக் குழந்தைகளின் ஷூவில் ஒட்டும் பட்டை இருக்குமே, அதைப் பிரித்தால் வருகிற சத்தம். ஒவ்வொரு மூச்சை இழுத்து முடிக்கும்போதும் அந்தச் சரசரப்பு. இன்றைக்கும் மகளின் ஷூவைக் கழற்றும்போது என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

நோயின் பெயர் ஹைபர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ். கிருமி இல்லை, தொற்றும் இல்லை. புறாவின் இறகில் இருக்கும் மெல்லிய மாவு போன்ற தூளும், காய்ந்த எச்சத்தின் பொடியும் மூச்சோடு உள்ளே போகின்றன. சிலருடைய உடல் அதில் இருக்கும் புரதத்தைப் பகையாக எடுத்துக்கொண்டு காற்றறைகளிலேயே போரிடத் தொடங்குகிறது. வருடக்கணக்கில் அது நடந்தால் நுரையீரலில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் திரும்பி வராது. புறா வளர்ப்பவர்களுக்கு வருவதாக இந்த நோயை அமெரிக்க மருத்துவர்கள் 1965-லேயே எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் திசு நோயாளிகளில் 47.3 சதவீதம் பேருக்கு இதுதான். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் ஏர் கூலர் வைத்திருந்தவர்கள். ஈரமான பட்டையில் வளரும் பூஞ்சை அங்கே சந்தேகத்துக்குரியது. புறாவே வராத வீட்டிலும் கூலர் இருந்தால் அதன் பட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

நோயைக் கண்டுபிடிக்கிற வழியும் இந்த ஐந்தாறு ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், நோயைத் தழும்பு விழுந்தது, விழாதது என்று இரண்டாகப் பிரித்தது. சிகிச்சையைத் தீர்மானிப்பது இந்தப் பிரிவுதான். அப்பாவுக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு படம், முழுவதும் விட்ட பிறகு ஒரு படம். விட்ட பிறகும் காற்று சிக்கிக்கொண்ட இடங்கள் கறுப்பாகவும் மற்ற இடங்கள் சாம்பலாகவும், திட்டுத்திட்டாக, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல் தெரிந்தன. கீழ்ப்பகுதியில் கொஞ்சம் தழும்பும் இருந்தது. அடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு உப்புநீரைச் செலுத்தி, அதைத் திரும்ப உறிஞ்சிச் சோதித்தார்கள். அதில் ஒருவகை வெள்ளணுக்கள், லிம்போசைட்டுகள், 46 சதவீதம் இருந்தன. ஸ்கேன், புறாப் பழக்கம், இந்தக் கழுவுநீர் மூன்றும் ஒன்றையே சொன்னதால் திசு எடுக்கத் தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்தார். 74 வயதில் அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். மார்பைத் திறக்காமல், உறைய வைக்கும் கம்பியால் திசுவைக் கிள்ளி எடுக்கும் முறை இப்போது இருக்கிறது. அதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார். மெல்ல மெல்லக் குறைக்க வேண்டிய மருந்து. “இதை நான் எழுதித் தருகிறேன். ஆனால் அந்தத் தூள் நின்றால்தான் மாத்திரைக்கு மரியாதை” என்றார். காரணமான பொருள் எது என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் கடைசிவரை தெரியவே இல்லை. எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குனுகிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே வலைக்காரரை அழைத்தேன். சதுர அடி 18 ரூபாய். பால்கனி, பின்கட்டு இரண்டும் சேர்ந்து 126 சதுர அடி; 2,300 ரூபாய் கேட்டார்கள். காலையில் மூன்று பேர் வந்தார்கள். டிரில் போடுவதற்கு முன் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று, தென்னந்துடைப்பத்தை எடுத்துக் காய்ந்த எச்சத்தைப் பெருக்கத் தொடங்கினார்கள். அவர்கள் முகத்திலும் துணி இல்லை. ஆறு ஆண்டு எச்சம். வெள்ளையும் பச்சையுமாகப் பாளம்பாளமாகப் பெயர்ந்து, துடைப்பம் பட்டதும் புகைபோல் எழுந்தது. வெயில் சாய்வாக விழுந்த நேரம். தூள் ஒளியில் மிதந்து கூடத்துக்குள் வருவதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இரவு காய்ச்சலும் குளிரும் வந்து, ஆக்சிஜன் அளவு 86-க்கு இறங்கி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

வேலையும் சரியில்லை. அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் ஒரு முழ இடைவெளியை அப்படியே விட்டிருந்தார்கள். வலையை இழுத்துக் கட்டாமல் தொங்கவிட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் ஒரு இளம்புறா அந்த இடைவெளியில் நுழைந்து வெளியே போகத் தெரியாமல் வலையில் காலைச் சிக்க வைத்துக்கொண்டது. அப்பா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அம்மா, அதன் காலைப் பார், காலைப் பார்” என்று தவித்தார். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு போனேன். நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். சிவந்த கால் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. கையில் பிடித்தபோது அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தை மறக்க முடியாது. விட்டதும் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்தது. அன்றே அந்த வலையை அறுத்துப் போட்டேன். தொங்கும் வலை பறவைக்குத் தூக்குக் கயிறு. விறைப்பாக இழுத்துக் கட்டிய வலையில் மோதினால் அது திரும்பிப் போய்விடும்.

இரண்டாவதாக வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர், வியாசர்பாடிக்காரர்கள். போனில் பேசியபோது விலை கேட்பதற்கு முன்பே நான் கேட்டேன்: “எச்சத்தை எப்படி எடுப்பீர்கள்?” அண்ணன் சொன்னார்: “நனைத்துத்தான் எடுப்போம் அக்கா. காய்ந்ததைத் தொட்டால் எங்களுக்கே இரண்டு நாள் இருமல் வரும்.” அந்த வார்த்தைக்காகவே அவர்களை வரச் சொன்னேன். அப்பாவை இரண்டு நாள் வில்லிவாக்கத்தில் அத்தை வீட்டில் விட்டேன்.

அவர்கள் வேலையைப் பார்த்தது இப்படி. பால்கனிக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தார்கள். இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். செடிக்குத் தெளிக்கும் கைப்பம்பில் கிருமிநாசினி கலந்த நீரை நிரப்பி, எச்சத்தின் மேல் மெதுவாகத் தெளித்தார்கள், பீய்ச்சி அடிக்கவில்லை. அரை மணி நேரம் ஊறவிட்டார்கள். பிறகு கொத்துக்கரண்டியால் வழித்து, இரட்டைப் பையில் கட்டினார்கள். ஒரு பொடிகூடப் பறக்கவில்லை. மூன்று பை நிறைந்தது. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் பழைய கூடு மட்டும்தான் இருந்தது. முட்டையோ குஞ்சோ இருந்திருந்தால் பறக்கும்வரை காத்திருந்து பிறகு வருவோம் என்றார் தம்பி. அதன் பிறகுதான் டிரில். ஒரு அடிக்கு ஒரு கொக்கி, நான்கு பக்கமும் ஓரக் கயிறு, வெயில் தாங்கும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் வலை. முதலில் கட்டியது கண்ணாடிபோல் தெரிந்த நைலான். பார்க்க அழகு, வெயிலில் முறுகிவிடும் என்றார்கள். யூனிட்டுக்குப் பின்னால் 24 சதுர அடியைத் தனியாகச் சுற்றி அடைத்து, மெக்கானிக் கை நுழைக்க ஒரு மடிப்பும் விட்டார்கள். மொத்தம் 150 சதுர அடி, அடிக்கு 32 ரூபாய், சுத்தம் செய்ய 1,500. ஆக 6,300 ரூபாய். முதல் வலையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆஸ்பத்திரியின் ஒரு நாள் கணக்குக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

வலை கட்டியதும் வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பறவையை அப்புறப்படுத்திய வீடுகளில் சுத்தம் செய்த பிறகும், சிலவற்றில் 18 மாதம்வரை அதன் புரதம் இருந்ததை 1992-ல் ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. திரைச்சீலைகளைத் துவைத்தோம். அப்பாவின் இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டோம். மின்விசிறி இறக்கை, ஏசி வடிகட்டி, புத்தக அலமாரியின் மேல்தட்டு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தோம். இன்றும் எங்கள் வீட்டில் துடைப்பம் இல்லை, மாப் மட்டும்தான்.

அப்பா ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. புறாக்கள் விடிந்ததும் வந்து வலைக்கு வெளியே கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தன. பத்து நாள் வந்தன. 2025 ஆகஸ்டில் மும்பை மாநகராட்சி தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூத்தர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதும், மக்கள் போராடியதும் செய்தித்தாளில் வந்தன. அப்பா அதை இரண்டு முறை படித்தார். “அவர்களுக்கும் மனசு கேட்காது” என்றார். பிறகு, டப்பாவில் மீந்திருந்த கம்பை எடுத்து வந்து கூழுக்கு அரைக்கச் சொன்னார்.

ஆறாம் மாதப் பரிசோதனையில், ஊதிக் காட்டும் காற்றின் அளவு 1.84 லிட்டரிலிருந்து 2.07 ஆகியிருந்தது. ஆறு நிமிட நடையில் முன்பு 87-க்கு இறங்கிய ஆக்சிஜன் இப்போது 93-இல் நின்றது. தழும்பு அப்படியே இருக்கிறது, கூடவில்லை. கூடினால் அதன் வேகத்தைக் குறைக்க நின்டெடானிப் என்ற மருந்து இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். 663 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான இன்பில்ட் ஆய்வில், மருந்து சாப்பிடாதவர்களுக்கு நுரையீரல் கொள்ளளவு ஆண்டுக்கு 188 மில்லி குறைய, சாப்பிட்டவர்களுக்கு 81 மில்லிதான் குறைந்தது. வயிற்றுப்போக்குத் தொல்லை உண்டாம். தேவைப்படாமலே போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வலையில் ஒரே ஒரு குறை. ஐப்பசி மழையில் மேல் கயிறு தளர்ந்து, ஒரு கொக்கி துருப்பிடித்தது. கூப்பிட்ட மூன்றாம் நாள் தம்பி வந்து கொக்கியை மாற்றி, கயிற்றை இறுக்கிவிட்டுப் போனார். பணம் வாங்கவில்லை. அவர் ஏணியில் நின்ற நேரம் முழுவதும் அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எதிர்த் தொட்டியில் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று.