உப்புக் காற்றில் ஹோம் தியேட்டர்: வயரும் ஸ்டாண்டும் தாங்கிய கதை

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் உச்சிப்புளியில் வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கத்து ஈரம் வீட்டுக்குள் வரும், சோழகம் அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கத்து உப்பு வரும். கேட் கொண்டி, சைக்கிள் செயின், ஜன்னல் கீல் எதுவும் தப்புவதில்லை. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 5.1 ரிசீவரும் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஐந்து ஸ்பீக்கரும் இந்தக் காற்றில்தான் சில வருடங்களாக ஓடுகின்றன. ஸ்பீக்கரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வயரையும் ஸ்டாண்டையும் பற்றி, அதுவும் கடலோர வீட்டுக்கு எது சரி என்று சொல்பவர்கள் குறைவு. மெட்ரோ நகரத்து அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கும்.

முதலில் வயரின் தடிமன். இது சுலபம். ரிசீவரிலிருந்து பின் ஸ்பீக்கருக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் 10 மீட்டர். போக, வர என்று கணக்குப் போட்டால் 20 மீட்டர் செம்பு. வயரின் மின்தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. என் ஸ்பீக்கர் 6 ஓம், ஆக 0.3 ஓம் வரை கவலை இல்லை.

நம் ஊர் கடைகளில் வயரை 23/76, 40/76, 70/76 என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. 76 என்பது ஒவ்வொரு இழையும் 0.0076 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. 23/76-இல் 20 மீட்டருக்குச் சுமார் 0.5 ஓம் வந்துவிடும், பின் ஸ்பீக்கருக்கு அது வேண்டாம். 40/76 என்றால் 0.29, விளிம்பில் நிற்கிறது. 70/76 என்றால் 0.17, தாராளம். முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கருக்கும் தூரம் குறைவு என்பதால் 40/76 நிம்மதியாகப் போதும். கேஜில் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி.யில் 16 என்றால் 1.3 சதுர மி.மீ., பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி.யில் 16 என்றால் கிட்டத்தட்ட 2.1. கடையில் வெறும் "பதினாறு கேஜ்" என்பார்கள், எந்தப் பதினாறு என்று நாம்தான் கேட்க வேண்டும்.

தடிமனைவிட முக்கியம், அது உண்மையில் செம்புதானா என்பது. மலிவாகக் கிடைக்கும் கண்ணாடி மாதிரித் தெரியும் ஸ்பீக்கர் வயரில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்தியது. மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதையாவது ஒரு சைஸ் தடிமனாக வாங்கிச் சரிக்கட்டலாம். உப்பு ஈரத்தில் நடப்பதைச் சரிக்கட்ட முடியாது. வெட்டிய முனையில் செம்பும் அலுமினியமும் பக்கத்துப் பக்கத்தில் வெளியே தெரியும், நடுவில் உப்புநீர் படிந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வெள்ளையாகப் பொடி தட்டும், இழைகள் தொட்டாலே ஒடியும். ஒரு இழையை நறுக்கிக் குறுக்குவெட்டைப் பாருங்கள், நடுவில் வெள்ளி நிறம் என்றால் அதுதான். சுருளைக் கையில் தூக்கினாலும் தெரிந்துவிடும், செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

அப்படியானால் எது மலிவு? ஸ்பீக்கர் வயரே வாங்காமல் இருப்பதுதான். பின் ஸ்பீக்கர்களுக்கு நான் போட்டிருப்பது வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஒன்றரை எம்.எம். (அதாவது 1.5 சதுர மி.மீ.) காப்பர் வயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஐ.எஸ். 694 தரத்தின்படி அதன் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓமைத் தாண்டக் கூடாது, அதாவது என் 20 மீட்டருக்கு 0.27. காயில் 90 மீட்டர் வரும். புது வீடு கட்டும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைத்தால் மிச்சத் துண்டு கிடைக்கும். இரண்டையும் டிரில் மெஷினில் மாட்டி முறுக்கிவிட்டால் ஒரே கயிறு போல ஆகிவிடுகிறது. நிறம் வேறு என்பதால் பிளஸ், மைனஸ் குழப்பமும் இல்லை. ஏற்கெனவே சுவருக்குள் போன வயரில் சந்தேகம் என்றால் 1.5 வோல்ட் செல் ஒன்றை நொடிநேரம் தொட்டுப் பாருங்கள். செல்லின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் வூஃபர், அதாவது பெரிய கூம்பு, வெளிப்பக்கம் துள்ளும்.

இனி முனைக்கு வருவோம். இங்கேதான் நம் கடற்கரை வேலையைக் காட்டும். வெறும் செம்பு இழையை முறுக்கி ரிசீவரில் சொருகி விட்டால் முதல் வாடைக்கே நிறம் மங்கும், பிறகு கறுக்கும், அப்புறம் பச்சை பூக்கும். இழைகளின் இடுக்கு வழியாக ஈரம் உறைக்குள்ளும் ஏறும். பின் இடது ஸ்பீக்கர் திடீரென்று கரகரத்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம், முனையைப் பாருங்கள். வயர் முனையில் மாட்டிச் சொருகும் பனானா பிளக், தங்கம் பூசியது என்று மலிவாக விற்பது, அதுவும் எனக்குப் பலிக்கவில்லை. மேலே பளபளப்பு அப்படியே இருக்கிறது, உள்ளே வயரை இறுக்கும் குட்டித் திருகு துருப்பிடித்துச் சுற்ற மறுக்கிறது.

இதற்கு வழி சொன்னவர் மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் ஒரு அண்ணன். "கடல்ல வெறுங் காப்பர் நிக்காது தம்பி. வெள்ளீயம் பூசுன வயரா வாங்கு, இல்லாட்டி முனைய மூடு" என்றார். படகு வயரிங்கில் இழைக்கு இழை வெள்ளீயம் பூசியிருப்பார்கள். ஹாலுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் முனையை மூடினேன். வயர் முனையில் தொப்பி போல மாட்டும், ஊசி போல நீண்ட, வெள்ளீயம் பூசிய செம்பு லக், அதைக் கிரிம்ப்பிங் பிளையரால் நசுக்கி, லக்கும் உறையும் சேரும் இடத்தில் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ரிசீவரில் இறுக்கிய பிறகு வெளியே தெரியும் உலோகத்தில் வாசலின் மெல்லிசாக. படகு பேட்டரிக்குக் கிரீஸ் தடவுகிறார்களே, அதே கணக்கு. லக் ஒன்று சில ரூபாய்தான். பிளையரை எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இப்படிச் செய்த முனைகளை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன், உள்ளே செம்பு செம்பாகவே இருக்கிறது. இன்னொன்று: ஒவ்வொரு முனையிலும் ஒரு முழம் வயர் மிச்சம் விடுங்கள். கெட்டால் நறுக்கிவிட்டுப் புதிதாக நசுக்கலாம்.

வயரைக் கொண்டுபோகும் வழியில் ஒரே ஒரு பிரச்சினை, சுவர் ஓதம். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உப்புப் பூத்துப் பெயிண்ட் உரியும். பி.வி.சி. கேசிங் பட்டியை டேப் போட்டு அதில் ஒட்டினால் பெயிண்டோடு கையில் வரும். ஓதக் கோட்டுக்கு மேலே திருகு போட்டு மாட்டினேன். எலிக்கும் அது எட்டவில்லை.

ஸ்டாண்டுக்கு வருகிறேன். ரெடிமேட் இரும்பு ஸ்டாண்டுகளின் பவுடர் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு அதன் அடியிலேயே பரவும். வீட்டைத் துடைக்கும் தண்ணீர் படுகிற அடித்தட்டுதான் முதலில் போகும். பக்கத்து வீட்டில் வெள்ளை டைல்ஸில் இரண்டு பழுப்பு வட்டங்கள் நிரந்தரமாக நிற்கின்றன. ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் செய்யலாம், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் மலிவான 202 ரகம் இங்கே சீக்கிரம் துருப்புள்ளி காட்டும். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், 202-உம் அதைவிட நல்ல ரகமான 304-உம் இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. 304-கூடக் கடல்காற்றில் டீக்கறை மாதிரி நிறம் ஏறும். குழாய்க்குள் கனத்துக்காக மணல் நிரப்புபவர்கள் கடற்கரை மணலை அள்ளிப் போட வேண்டாம், உள்ளிருந்தே அரித்துவிடும். அலசிய ஆற்று மணல் போடுங்கள்.

என்னுடையது பனை. தமிழ்நாட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். நான் வாங்கியது பிரித்துப் போட்ட பழைய ஓட்டு வீட்டின் சட்டம். பனையில் வைரம் வெளிப்பக்கம்தான், உள்ளே சோறு. வைரப் பகுதியாக நாலு சட்டம் பொறுக்கி எடுத்தேன். ஆசாரிதான் முனகினார்: "தேக்கு கொண்டாந்தா ஒரு நாள் வேலை. இது ரம்பத்தத் தின்னுது, கையில சிம்பு ஏத்துது." கூடுதலாக அரை நாள் கூலி கேட்டார், கொடுத்தேன். நியாயமான கூலிதான். அடித்தட்டுக்கு, சமையலறை வேலையில் மிஞ்சிய கடப்பாக் கல் துண்டு. போல்ட்டுகள் மட்டும் பித்தளை. ஸ்பீக்கருக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பர். மொத்தச் செலவு ஒரு ஜோடி ரெடிமேட் ஸ்டாண்டில் பாதிக்கும் கீழே. கறையான் தொடவில்லை, ஆடவில்லை. ஆண்டுக்கொரு முறை எண்ணெய் துடைக்கிறேன். பார்க்க முரட்டுத்தனம்தான், மறுக்கவில்லை. வீட்டில் அவள் இன்னும் அதை "உலக்கை" என்கிறாள்.

உயரத்தை ஆசாரியிடம் சொல்வதற்கு முன் நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று யோசியுங்கள். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன வட்டம், காது மட்டத்தில் இருக்க வேண்டும். சோஃபாவில் காது தரையிலிருந்து 90 செ.மீ.க்கு மேல் வரும். எங்கள் வீட்டில் படம் பார்ப்பது பாயில், அங்கே 75-ஐத் தாண்டாது. கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் எல்லாம் சோஃபாக்காரர்களுக்கு. என் முன் ஸ்டாண்டுகள் குட்டை, சோஃபாவில் விருந்தாளி உட்கார்ந்தால் அடியில் ஒரு கட்டை வைத்து ஸ்பீக்கரை மேல்நோக்கிச் சாய்த்துவிடுகிறேன். பின் இரண்டும் காதுக்குச் சற்று மேலே, நேர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால், 110 டிகிரி வாக்கில்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஓரிரு வருடத்தில் மாறிப் போகிறவர்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 40/76 செம்பு வயரும் பிளாஸ்டிக் முக்காலியும் போதும், முனைக்கு மட்டும் லக் போட்டுவிடுங்கள். இங்கே எனக்கு இன்னும் தீராதது, அடித்தொனி தரும் சப்வூஃபரின் ஆர்.சி.ஏ. பிளக், நடுவில் ஒற்றை முள்ளும் சுற்றி வளையமும் உள்ளது. அதில் லக் போட வழியில்லை. மழைக்காலம் வந்தால் உம்மென்று ஒரு இரைச்சல், கழற்றித் துடைத்துத் திருப்பி மாட்டினால் கொஞ்ச நாள் சும்மா இருக்கிறது.