இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்: ஒரு குளிர்காலம் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

காரில் அம்மா எப்போதும் முன்சீட்டில், என் பக்கத்தில்தான் உட்காருவார். போன குளிர்காலத்தில் ஒருநாள், "உன் பக்கம் மட்டும்தான் சூடு வருதா? எனக்குக் காலே விறைச்சுப் போச்சு" என்றார். கையை நீட்டி அவர் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. என் பக்கம் நன்றாகச் சுட்டது. மூட்டுவலி உள்ளவர். அன்றிலிருந்து மடியில் கம்பளியோடுதான் வண்டியில் வந்தார். அந்தக் கோளாறைப் பிடிக்க எனக்கு உதவிய கருவி இது.

துப்பாக்கி வடிவம். விசையை அழுத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி விழும். எதிரே இருக்கும் பரப்பின் வெப்பநிலை திரையில் வரும். பல பெயர்களில் ஒரே உருவத்தில் விற்கும் சாதாரண ரகம்தான். 9 வோல்ட் பேட்டரி.

இதை வாங்கும் முன்பே ஒரு பணிமனைக்குப் போயிருந்தேன். என் வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பக் கட்டுப்பாடு உண்டு. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடலை ஒரு சிறிய மோட்டார் அசைக்கும்; அது போயிருக்கும் என்று சொல்லி மாற்றினார்கள். சந்தேகத்தில் தப்பில்லை, அது அடிக்கடி பழுதாகும் பாகம். ஆனால் அளந்து பார்க்காமல் மாற்றினார்கள். குளிர் அப்படியே இருந்தது. அடுத்து டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். சரி, அதற்கு முன் நானே அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், என்ஜினைச் சுற்றிச் சூடேறி ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். என்ஜின் அறையின் பின்சுவரில் இந்த இரண்டு ஹோஸ்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இரண்டையும் அளந்தேன். உள்ளே போவது 84 டிகிரி செல்சியஸ். வெளியே வருவது 47.

அந்த இரண்டு எண்களிலேயே விடை இருந்தது. இரண்டும் நல்ல சூடாக இருந்து காற்று மட்டும் குளிர்ந்தால் மடலைச் சந்தேகிக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால், தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம். ஒன்று கொதித்து மற்றது ஆறிப்போயிருந்தால் உள்ளே ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். கூலன்ட் ஓடும் பாதையில் காற்று அடைத்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் முதலில் காற்றை வெளியேற்றிப் பார்த்தேன், எண்கள் மாறவில்லை. அடைத்த கோரில் கூலன்ட் மெதுவாக ஊர்வதால், நுழையும் முனையிலேயே சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு மறுமுனைக்கு ஆறிப்போய்ச் சேர்கிறது. என் வண்டியில் அந்த மறுமுனை அம்மாவின் பக்கம்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கூலன்ட் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மூடிக்கு அடியில் துருச் சேறு. பழைய வண்டி, எனக்கு முன் வைத்திருந்தவர் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்திருக்கிறார். கூலன்டில் துருவைத் தடுக்கும் ரசாயனங்கள் உண்டு. வருடங்கள் போகப்போக அவை தீர்ந்துவிடும். அப்புறம் என்ஜினின் இரும்பு பிளாக் துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும். உதிரும் துகள்கள் எல்லாவற்றையும் விடக் குறுகலான ஹீட்டர் கோர் குழாய்களில் போய்த் தங்கும்.

இனி கருவியின் குறைகள். இவை தெரியாமல் முதல் நாள் நான் வீணாகக் குழம்பினேன். பளபளப்பான உலோகத்தை இது சரியாக அளக்காது. தொட்டால் கை சுடும் அலுமினியக் குழாயை 41 என்று காட்டியது. என் மாடலில் எமிசிவிட்டியை, அதாவது ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடும் என்ற அளவை, 0.95 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். கறுப்பு ரப்பர் ஹோஸுக்கு அது பொருந்தும், மினுங்கும் உலோகத்துக்குப் பொருந்தாது. உலோகத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, டேப் சூடேறியதும் அதை அளந்தால் நம்பலாம்.

தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் இதில் 12:1. 12 சென்டிமீட்டரில் இருந்து பிடித்தால் 1 சென்டிமீட்டர் வட்டத்தை அளக்கும். மெல்லிய ஹோஸை எட்ட நின்று அளந்தால் பின்னால் இருக்கும் சுவரின் வெப்பமும் கலந்துவிடும். மிக அருகில் பிடித்தால் லேசர் புள்ளி விழும் இடமும் அளக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. புள்ளியை மட்டும் நம்பக்கூடாது. காற்றை இதனால் அளக்கவே முடியாது. துவாரத்தின் முன் ஒரு கறுப்புக் காகிதத் துண்டைத் தொங்கவிட்டு அதை அளந்தேன்: என் பக்கம் 54, அம்மா பக்கம் 29.

பிறகு இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், தோட்டக் குழாயின் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட்டேன். அழுத்தம் கூடினால் அரித்துப்போன கோர் கிழிந்துவிடும் என்பதால் அவசரப்படவில்லை. பழுப்புத் தண்ணீர் நிற்க நெடுநேரம் ஆனது. வந்ததையெல்லாம் வாளியில் பிடித்தேன். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், நாய் பூனை நக்கினால் உயிர் போகும். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினேன். மறுபடி அளந்தபோது 84, 62. நான்கு வாரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை கழுவியபின் 83, 71. காகிதத் துண்டில் 53, 49.

கருவிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இன்னொரு முறை வாங்கினால் எமிசிவிட்டியை மாற்றக்கூடிய மாடலையே வாங்குவேன். அந்த ஒரு வசதி இல்லாததுதான் பெரிய குறை. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குக் கொண்டுவந்தால் அரைமணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளக்கவும் வேண்டும். மற்றபடி, பாகம் எதையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் சந்தேகம் தீர்த்தது.

துரு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை ஏதாவது இருந்தால் கழுவிய பிறகு ஒழுகலாம். அதனால் உள்ளே இனிப்பு வாசனை வருகிறதா, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். இதுவரை இல்லை. 83, 71 என்று எழுதிய டேப் பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை அளந்து ஒப்பிடுகிறேன். அம்மாவின் கம்பளி இப்போது பின்சீட்டில் கிடக்கிறது.