ட்ரெயில் ஆப்ல "3/10, ஈஸி"னு போட்டிருக்கே, நம்பி இறங்கலாமா?

தார் இல்லாத கரடுமுரடான பாதைல (ட்ரெயில்) வண்டி ஓட்டுறவங்களுக்கு மேப்பும், ஒவ்வொரு பாதையும் எவ்ளோ கஷ்டம்னு ஒரு நம்பரும் குடுக்கிற ஆப்புக்கு நான் போடுறது அஞ்சுக்கு மூணு ஸ்டார். மேப்புக்கு முழு மார்க் குடுக்கலாம், அந்த நம்பர்லதான் குறைச்சுட்டேன். ஆப் பேர் போடல, ஏன்னா வேற ஆப்பும் இதே 1 டு 10 கணக்கத்தான் போடுது, ஒண்ண மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல.

முதல்ல என் வண்டி என்னனு சொல்லிடறேன், இதச் சொல்லாம ட்ரெயிலப் பத்திப் பேசுறதே வேஸ்ட். டொயோட்டா டகோமா பிக்கப் ட்ரக், டபுள் கேப் (நாலு கதவு), ஷார்ட் பெட் (பின்னாடி சரக்கு வைக்கிற தொட்டி குட்டை), டிஆர்டி ஆஃப் ரோடு மாடல். பின்னாடி லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் பூட்டி ஒண்ணா சுத்த வைக்கிறது) இருக்கு, முன்னாடி கிடையாது. வண்டிய உயர்த்த 2 இன்ச் லிஃப்ட் போட்டிருக்கேன், 265/75ஆர்16 ஆல் டெரைன் டயர், ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ பாறை படாம காக்கிற ராக் ஸ்லைடர், அடியில ஒரு ஸ்கிட் பிளேட் (காப்புத் தகடு). அவ்ளோதான். திங்கக்கிழமை இதுலதான் ஆபீஸ் போகணும், பையன ஸ்கூல்ல விடணும். அதனால "உடைஞ்சா உடையட்டும்"ங்கிற கோஷ்டி நான் இல்ல. இருக்கிறது கலிஃபோர்னியா சான் டியேகோ, போறதெல்லாம் அங்க இருக்கிற பாலைவனப் பார்க்குங்க ஆன்சா பொர்ரேகோ, டெத் வேலி, லீவு கிடைச்சா யூட்டால மோவாப்.

லிஃப்ட் போட்டதும் எனக்கு ஒரு கொழுப்பு வந்துச்சு, அத ஒத்துக்கணும். 2 இன்ச் ஏத்திட்டோம், இனி எதுவும் அடி தட்டாதுன்னு நெனச்சேன். ஆனா சஸ்பென்ஷன் லிஃப்ட் பாடியத்தான் தூக்கும், பின் ஆக்ஸில் நடுவுல பூசணிக்கா மாதிரி இருக்கிற டிஃபரென்ஷியல் (சக்கரத்துக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கிற கியர் பெட்டி) இருந்த இடத்துலயேதான் தொங்கிட்டிருக்கும். அது ஏறணும்னா டயர் பெருசாகணும், டயர் 1 இன்ச் பெருசானா ஆக்ஸில் ஏறுறது அரை இன்ச். என் வண்டிக்கு ஃபேக்டரில வந்தது 30.6 இன்ச் டயர், இப்ப இருக்கிறது 31.6. ஆக கடைக்காரருக்கு அழுத காசுக்கெல்லாம் சேத்து டிஃபரென்ஷியல் அடியில கிடைச்சது அரை இன்ச்சு! இது தெரிஞ்ச அன்னிக்கு வீட்ல யார்கிட்டயும் சொல்லல.

சரி, நம்பருக்கு வருவோம். போன சீசன்ல ஆப்ப நம்பி போனதுல மூணு இடத்தச் சொல்றேன்.

மோவாப்ல ஃபின்ஸ் அண்ட் திங்ஸ். ஆப்ல நம்பரப் பாத்து பயந்து ரெண்டு வருஷம் தள்ளிப்போட்ட ட்ரெயில். சுறா முதுகு மாதிரி பாறை, நேரா மேல ஏறுது, பானட்டத் தாண்டி வானம் மட்டும்தான் தெரியுது, பக்கத்துல உக்காந்திருந்த என் மனைவி கைப்பிடியப் புடிச்ச புடில அது கையோட வந்துரும்னு நெனச்சேன். ஆனா அந்த மணற்பாறை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு டயரப் புடிச்சுக்குது, லோ ரேஞ்ச்ல (மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) போட்டு ஆக்ஸிலரேட்டர மெதுவா தொட்டாலே வண்டி பல்லி மாதிரி ஏறுது. ஈரம் இருந்தா கதை வேற, காஞ்ச பாறைன்னா பாக்கத்தான் பயம். நடந்த சேதாரம்னா, எறங்கி தரையத் தொடுற இடத்துல பின்னாடி ஹிட்ச் (ட்ரெய்லர் மாட்டுற கொக்கி) ரெண்டு தடவ உரசுச்சு, அவ்ளோதான். பயத்துக்கு மார்க் போட்டா இது 8, வண்டிக்கு ஆபத்துன்னா என் கணக்குல 4 தான்.

இதுக்கு அப்படியே தலைகீழ் டெத் வேலில ரேஸ்ட்ராக் ரோடு. உபிஹீபி கிரேட்டர்ல தார் ரோடு முடிஞ்சதுல இருந்து 27 மைல். ஏறவே வேணாம், பாறை தாண்ட வேணாம், லாக்கர் பட்டனத் தேட வேணாம், ஆப்ல ஈஸின்னு பச்சைக் கலர்ல ஜம்முன்னு இருந்துச்சு. கல்லு தானா நகர்ந்து கோடு போட்டிருக்கிற அந்த காஞ்ச ஏரி இருக்குல்ல, ராத்திரில மெல்லிசா ஐஸ் கட்டி காத்து அத தள்ளும்போதுதான் கல்லு நகருதுன்னு 2014ல விஞ்ஞானிங்க எழுதுனாங்களே, அதப் பாக்கத்தான் போனோம். ரோடு முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மேல ஓட்டுற மாதிரி அலை அலையா இருக்கும். மெதுவா போனா பல்லு ஆடும், வேகம் எடுத்தா அலை மேல மெதந்துட்டு போற மாதிரி சொகமா இருக்கும், அந்த சொகத்துலதான் சனியன் இருக்கு. அலைக்கு நடுவுல கத்தி மாதிரி கூர் கல்லு நிக்குது. நானும் காத்த 20 பிஎஸ்ஐக்கு இறக்கி வெச்சிருந்தேன், அதிர்வு குறையட்டும்னு. காத்து கம்மியானா டயரோட பக்கச்சுவர் வெளிய பிதுங்கும், பிதுங்குன இடத்துல வேகமா ஒரு கூர் கல்லு பட்டா முடிஞ்சுது. டீகெட்டில் ஜங்ஷன் தாண்டி கொஞ்ச தூரத்துல பின் இடது டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சு, என் சுண்டுவிரல் உள்ள போற அளவுக்கு. ரோட்டத் தொடுற ட்ரெட்ல ஆணி குத்துனா பிளக் போட்டு ஓட்டிரலாம், பக்கச்சுவர் கிழிஞ்சா அந்த டயர தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டெப்னிய மாட்டுனேன். அதுக்கப்பறம் திரும்பி வந்த மொத்த தூரமும் அடுத்த ஸ்டெப்னி இல்லாம, சிக்னல் இல்லாம, 12 மைல் வேகத்துல, ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல. எங்களத் தாண்டி போன ஒரு டொயோட்டா டண்ட்ரா ட்ரக்காரர் நிறுத்தி தண்ணி இருக்கான்னு கேட்டுட்டு, "நான் ரெண்டு ஸ்டெப்னி இல்லாம இங்க வரமாட்டேன்"னு சொல்லிட்டு போனாரு. மோவாப்ல செலவு பூஜ்யம், ஈஸி ரோட்ல ஒரு டயர் போச்சு. அங்கேருந்து வண்டிய இழுத்துட்டு வரணும்னா ஆயிரம் டாலருக்கு மேல போயிரும், நல்லவேளை அந்தளவுக்குப் போகல.

பார்க் சர்வீஸ் போர்டுல சொல்லித்தான் இருக்கு, டயர் பத்திரம்னு. ஆப்பத்தான் சொல்றேன். அந்த நம்பர் பாக்கிறது ஒண்ணே ஒண்ணு, இருக்கிறதுலயே மோசமான எடத்தத் தாண்ட முடியுமா முடியாதாங்கிறது. 27 மைல் கல்லுல டயர் தாங்குமா, வண்டி நின்னா யாரு வருவா, எத்தன மணி நேரம் ஆகும், இதெல்லாம் நம்பர்ல இல்ல.

மூணாவது, ஆன்சா பொர்ரேகோல பின்யான் மவுண்டன் ரோடு. இதத்தான் நான் அதிகமா யோசிச்சேன். எஸ்-2 ரோட்ல இருந்து கிழக்கால உள்ள போறது, பின்யான் மரம், ஜூனிபர் எல்லாம் இருக்கிற அருமையான பள்ளத்தாக்கு, கேம்ப் போட தோதான இடம், அதுவரைக்கும் ஹைவே டயர் போட்ட எஸ்யூவி கூட வரும். அப்பறம் வரும் "ஸ்க்வீஸ்"னு ஒரு இடம், பேரே சொல்லுது, ரெண்டு பாறைக்கு நடுவுல சந்து. அதத் தாண்டுனா "ஹார்ட் அட்டாக் ஹில்", செங்குத்தா கீழ எறங்குற மேடு, அத எறங்கிட்டா மறுபடி அந்தப் பக்கமா ஏறி வர்றத மறந்துரணும், ஃபிஷ் க்ரீக் வாஷ் (காஞ்ச ஆத்துப்படுகை) வழியா மணல்ல போய் ஒகோட்டியோ வெல்ஸ் பக்கம்தான் வெளிய வரணும். இந்த மொத்தத்துக்கும் ஆப்ல ஒரே ஒரு நம்பர்! கஷ்டமான எடம் ட்ரெயிலோட தொடக்கத்துலயா, நடுவுலயா, திரும்ப முடியாத எடத்துக்கு முன்னாடியா பின்னாடியா, இதுதான் எனக்கு வேண்டியது. ஸ்க்வீஸ்ல மாட்டுனா கூட ரிவர்ஸ் அடிச்சு வீட்டுக்குப் போயிரலாம், மேட்ட எறங்குனப்பறம் மனசு மாறி என்ன பண்றது.

ஸ்க்வீஸ்ல நான் வண்டிய நிறுத்திட்டு எறங்கி மூணு தடவ நடந்து பாத்தேன். பாறையில வெள்ள, செவப்பு, நீலம்னு எத்தனையோ வண்டியோட பெயின்ட், ஹோலி கொண்டாடுன சுவரு மாதிரி. மனைவிய முன்னாடி நிக்க வெச்சு கைய காட்டச் சொன்னேன். "ஏங்க, லெஃப்ட்ல ஒடிங்க... என் லெஃப்ட் இல்லங்க, உங்க லெஃப்ட்!" அதுக்குள்ள நான் அந்தப் பக்கம் ஒடிச்சுட்டேன். ஒரு பக்கத்து சக்கரம் கல்லு மேல ஏறும்போது வண்டி மறுபக்கம் சாயுது, கீழ இடம் இருந்தாலும் மேல கண்ணாடி போய் பாறைல இடிக்குது, அதாவது அகலத்த அளந்தா மட்டும் பத்தாது, சாஞ்சதுக்கப்பறம் எவ்ளோ அகலம்னு பாக்கணும். ரெண்டு மிரரையும் மடக்கிட்டு, பெட் ஓரத்துல ஒரு மெல்லிய கோட்ட மட்டும் வாங்கிட்டு வெளிய வந்தேன். டகோமா பரவால்ல, எஃப்-150 மாதிரி ஃபுல் சைஸ் ட்ரக்குன்னா மிரர் இல்லாமயே கிட்டத்தட்ட 80 இன்ச் அகலம், ஆப்ல அவங்களுக்கும் இதே நம்பர்தான்.

நீளமும் அப்படித்தான். ரெண்டு டோர் ஜீப் ரேங்ளர்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 96.8 இன்ச், நாலு டோர்ல 118.4, என் டகோமா 127.4, இதுலயே லாங் பெட் வாங்குனவருக்கு 140.6. ஒரு முகட்டு மேல ஏறி எறங்கும்போது ரெண்டு டோர் ஜீப் தவளை மாதிரி தாவிப் போயிரும், லாங் பெட்டுக்கு நடு வயிறு உக்காந்துரும். இதுல கமெண்ட்ல ஒருத்தர் எழுதியிருப்பாரு, "ஸ்டாக் வண்டில அசால்ட்டா போனேன்"னு, அதாவது எதையும் மாத்தாம ஃபேக்டரில இருந்து வந்தபடியே. உள்ள போய் பாத்தா அது ரேங்ளர்லயே ஆஃப் ரோடுக்குன்னு வர்ற ரூபிகான்! அதுக்கு ஃபேக்டரிலயே 33 இன்ச் டயர், முன்னாடி பின்னாடி லாக்கர், 4:1 லோ ரேஞ்ச், ஸ்வே பார (வண்டி சாயாம புடிக்கிற கம்பி) கழட்டிவிட பட்டன். அவரோட ஸ்டாக்கு என்னோட மாடிஃபைடுக்கு மேல. அதுல இருந்து "ஸ்டாக்"ங்கிற வார்த்தையப் பாத்தா நான் அடுத்து வண்டி பேரத்தான் தேடுவேன்.

மணலப் பத்தி ரெண்டு வார்த்த. ஆன்சா பொர்ரேகோல ஃபான்ட்ஸ் பாயின்ட் போற வாஷ் 4 மைல், காஞ்ச ஆத்துப்படுகைதான், மழ பேஞ்சு காஞ்ச மறுவாரம் கார் கூட போகும், ரெண்டு மாசம் வெயில் அடிச்சப்பறம் மாவு மாதிரி ஆயிடும். டயர்ல காத்து 35 பிஎஸ்ஐ வெச்சுக்கிட்டு புதைஞ்சு நின்னு கெடக்கிறவங்கள வாரம் தவறாம பாக்கலாம், 18க்கு இறக்குனா அதே வண்டி தானா வெளிய வருது. இங்க கஷ்டம் ரோட்ல இல்ல, காத்து இறக்க பத்து நிமிஷம் சோம்பேறித்தனம் பட்டதுல இருக்கு.

தேதி ரொம்ப முக்கியம். 2023 ஆகஸ்ட் 20ஆம் தேதி ஹிலரி புயலோட மிச்சம் வந்து டெத் வேலி ஃபர்னஸ் க்ரீக்ல ஒரே நாள்ல 2.2 இன்ச் மழை, அது அங்க ஒரு வருஷத்துக்கு பெய்யிற மழை. ரோடெல்லாம் அரிச்சுட்டு போய், பார்க்கையே ரெண்டு மாசம் கிட்ட மூடி வெச்சிருந்தாங்க. ஆப்ல 2021ல ஒருத்தர் போட்ட "சூப்பர் ஸ்மூத்"தும் அந்த நம்பர்ல சேந்துதான் நிக்குது. பாலைவனத்துல ட்ரெயில் ஒரு வெள்ளத்துல புதுசாயிடும், நம்பர் மட்டும் பழசாவே இருக்கும். அதே மாதிரி ஆன்சா பொர்ரேகோல கொயோட்டி கேன்யன் ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் காட்டு ஆடு தண்ணி குடிக்க வர்றதுக்காக மூடியிருப்பாங்க, என் ஆப்ல ஜூலை மாசத்துலயும் பச்சையா "ஓப்பன்"னு காட்டுச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி பார்க்கோட சொந்த கண்டிஷன்ஸ் பேஜ பாருங்க, ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் அடிங்க.

அப்ப எதுக்கு மூணு ஸ்டார்? ஆஃப்லைன் மேப் தங்கம். டவர் செத்த எடத்துல நீல புள்ளி துல்லியமா நிக்குது, பிரியிற பாதைய ஒரு தடவ கூட தப்பா காட்டல. ஒவ்வொரு கஷ்டமான எடத்துக்கும் போட்டோவோட குறி வெச்சிருக்கிறதும் நல்ல விஷயம், போட்டோல மேடு பாதியாத்தான் தெரியும், அத மனசுல ரெட்டிப்பாக்கிக்கணும், அவ்ளோதான். கமெண்ட்ட தேதி வாரியா அடுக்க முடியுது. நான் இப்ப நம்பர பாக்கிறதே இல்ல, கடைசி மூணு மாசத்து கமெண்ட்ல டகோமா, இல்ல டொயோட்டா ஃபோர்ரன்னர்னு தேடுறேன், எந்தப் பக்கத்துல இருந்து போனாங்கன்னு பாக்கிறேன்.

ரின்யூவல் மெயில் போன வாரம் வந்துச்சு, கட்டிட்டேன். கட்டிட்டு பின்யான் மவுண்டன் பக்கத்துல நானும் ஒரு கமெண்ட் போட்டேன்: "டகோமா டபுள் கேப் ஷார்ட் பெட், 31.6 டயர், 2 இன்ச் லிஃப்ட், பின் லாக்கர் மட்டும். மேற்குல இருந்து கிழக்கு, பிப்ரவரி, காஞ்ச தரை. ஸ்க்வீஸ்ல மிரர் மடக்கணும், வெளிய ஒரு ஆள் நிக்கணும், லெஃப்ட் ரைட்டு யாரோடதுன்னு முன்னாடியே பேசிக்கணும். ஹார்ட் அட்டாக் ஹில் எறங்குறதுக்கு முன்னாடி நடந்து பாருங்க, டேங்க்ல பாதிக்கு மேல இருக்கான்னு பாருங்க." இதுவரைக்கும் ஒரு லைக், அது என் மனைவி போட்டது.