ஹெல்மெட்டோடு ஷோரூமுக்கு: ஏழு சீசன் 1எல்இ ஓட்டியவனுக்கு டார்க் ஹார்ஸ் வேண்டுமா?

ஷோரூமில் நின்ற ஃபோர்டு மஸ்டாங் டார்க் ஹார்ஸின் கதவைத் திறந்து உட்கார்ந்ததும், கையோடு கொண்டுபோயிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். விற்பனைப் பிரிவு இளைஞர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது? என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். சீட்டை அடிமட்டம் வரை இறக்கிய பிறகு இரண்டு விரல் நுழைந்தது. மூன்று நுழைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

2018-இல் வாங்கிய செவர்லே கமாரோ எஸ்எஸ் 1எல்இ, அதாவது டிராக்குக்கென்று தயார்செய்த கமாரோ, என்னிடம் இருக்கிறது. 38,000 மைல் ஓடியிருக்கிறது. அதில் 23 நாள் டிராக்கில், அதாவது ரேஸ் ஓடுபாதையில், பெரும்பாலும் மிச்சிகன் ஏரிக்கரைப் பக்கம் சவுத் ஹேவனில் இருக்கும் ஜிஞ்சர்மேன் ரேஸ்வேயில். நோவையில் என் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டம். லான்சிங் ஆலையில் கமாரோ தயாரிப்பு 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. டாட்ஜ் சேலஞ்சரும் அதே மாதம் போய்ச் சேர்ந்தது. ஆக, வி8 எஞ்சின், மூன்று பெடல் (மேனுவல் கியர்), பின்னால் பேருக்காவது இரண்டு சீட் என்று கேட்டால் அமெரிக்கக் கூபேக்களில் இன்று புதிதாகக் கிடைப்பது மஸ்டாங் மட்டுமே. அதில் டிராக்கை மனதில் வைத்துச் செய்தது டார்க் ஹார்ஸ். 2024 மாடலாக வந்தபோது விலை 60 ஆயிரம் டாலரை ஒட்டித் தொடங்கியது; ஆப்ஷன்களைச் சேர்க்கச் சேர்க்க ஏறிக்கொண்டே போகும்.

ஆபீஸில் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, உங்க கார் 455 குதிரை சக்தி, இது 500. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

யோசிக்க நிறையவே இருக்கிறது. என் காரில் இருப்பது 6.2 லிட்டர் எல்டி1. பழைய பாணி புஷ்ராட் எஞ்சின், ஒரு சிலிண்டருக்கு இரண்டே வால்வு. ஆனால் 4,400 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) 455 பவுண்டு-அடி முறுக்கு விசையை எடுத்துக் கொடுத்துவிடும். டார்க் ஹார்ஸின் 5 லிட்டர் கொயோட் எஞ்சினில் நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு. அதன் 500 குதிரையும் முழுதாக வருவது 7,250 ஆர்பிஎம்மில்தான். முறுக்கு விசை 418, அதுவும் 4,900-இல். வளைவிலிருந்து தப்பான கியரில் வெளியே வந்தால் என் கார் மன்னித்துவிடும். மூன்றாவது கியரிலேயே சோம்பேறித்தனமாக இழுத்துக்கொண்டு போகும். கொயோட் அப்படி விடாது. சரியான கியரில் இருந்து, ஆர்பிஎம் ஊசியை மேலேயே வைத்திருந்தால்தான் அதன் குணம் தெரியும். இரண்டுமே நல்ல குணம்தான். ஏழு வருடமாகச் சோம்பேறியாக ஓட்டிப் பழகியவனுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஆனால் டிராக் கார் வாங்கும்போது குதிரைக் கணக்கைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது நாலாவது செஷனை.

டிராக் நாள் என்றால் பொதுவாக இருபது இருபது நிமிடமாக நாலு முறை உள்ளே விடுவார்கள். காலையில் முதல் செஷனில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். மதியம் மூன்று மணிக்கு, தார் கொதிக்கும்போது, நாலாவது செஷனின் கடைசி இரண்டு லேப்பில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, ஆயில் சூடு எங்கே நிற்கிறது, டயர் இன்னும் பேச்சைக் கேட்கிறதா என்பதை வைத்துத்தான் காரை எடைபோட முடியும்.

இதைக் கற்றுக்கொண்டது என் முட்டாள்தனத்தால்தான். இரண்டாவது வருடம், பிரேக் ஆயிலை மாற்றாமலேயே போனேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது வெறும் 155. நாலாவது செஷனில், நீண்ட நேர்பாதையின் கடைசியில் பெடலை மிதித்தேன். கால் சும்மா கீழே போயிற்று. ஈரமான பஞ்சை மிதித்த மாதிரி. படபடவென்று இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பாதி பிரேக் வந்தது. அதற்குள் கார் புல்லில் இறங்கியிருந்தது. ஜிஞ்சர்மேனில் ஓரமெல்லாம் தாராளமாகப் புல்வெளி விட்டிருப்பதால் சுவரில் முட்டாமல் தப்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்ட்ரக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிரில்லில் மாட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து 312 டிகிரி வரை தாங்கும் மோட்டுல் ஆர்பிஎஃப் 600, சீசனுக்கு இரண்டு முறை. ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

சூட்டைப் பொறுத்தவரை 1எல்இ-யிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் கம்பெனியே கூலர் வைத்துக் கொடுத்தது. எட்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலே பாடுகிறதே என்று பலரும் இன்றும் தேடித் தேடி வாங்கும் பழைய மஸ்டாங்கான ஷெல்பி ஜிடி350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில்கூட 2016 மாடலுக்கு டிராக் பேக்கேஜ் சேர்த்தால்தான் இந்தக் கூலர்கள் எல்லாம் வரும். 2017-இலிருந்துதான் எல்லாக் காருக்கும் வந்தது. பழைய கார் தேடுகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் கீழே குனிந்து கூலரைப் பாருங்கள்.

டார்க் ஹார்ஸுக்கும் சாதாரண மஸ்டாங் ஜிடிக்கும் உள்ள உண்மையான வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. ஜிடியில் பெர்ஃபார்மன்ஸ் பேக் சேர்த்தாலே முன்னால் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக், டார்சன் டிஃபரன்ஷியல் எல்லாம் வந்துவிடும். அப்புறம் எதற்கு அதிகப் பணம்? டார்க் ஹார்ஸில் டிஃபரன்ஷியலுக்குக் கூலர், மேனுவல் கியர்பாக்ஸுக்குக் கூலர், எஞ்சினுக்குள் ஷெல்பி ஜிடி500 மஸ்டாங்கிலிருந்து எடுத்த கனெக்டிங் ராடு, மேக்னரைடு சஸ்பென்ஷன், ஜிடியில் வரும் கெட்ராக் கம்பெனிக் கியர்பாக்ஸுக்குப் பதிலாக ட்ரெமெக் கம்பெனிக் கியர்பாக்ஸ். வருடத்துக்கு ஒரு நாள்கூட டிராக்குக்குப் போகாதவர் ஜிடியை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைச் சேமிக்கலாம் என்பது என் கட்சி. கருப்புக் குதிரை பேட்ஜ் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

இருபது நிமிட டெஸ்ட் டிரைவில் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கியர் நன்றாக விழுகிறது. லிவரின் தலையில் உருண்டையான நீல டைட்டானியக் குமிழ். கைக்குள் அடக்கமாக உட்கார்ந்தது. என் காரில் ஸ்வீடு துணி சுற்றிய குமிழ். ஏழு வருட வியர்வையில் பளபளவென்று பழைய செருப்பு மாதிரி ஆகிவிட்டது. வெளியே பார்ப்பதற்கு மஸ்டாங் எவ்வளவோ மேல். கமாரோவில் பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் லெட்டர் பாக்ஸ் துவாரம் மாதிரி இருக்கும். பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது என் மனைவி இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். டேஷ்போர்டு முழுக்கத் திரை, இரண்டு பெரிய திரை. ஏசியைக்கூட அதில்தான் தொட்டு மாற்ற வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. சாவியை அழுத்தினால் ஆளில்லாமலேயே எஞ்சின் உறுமும் ஒரு வசதியும் மஸ்டாங் வரிசையில் உண்டு. என் மகனுக்கு அதற்காகவே இந்தக் கார் வேண்டுமாம்.

சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு சுவாரசியம். இரண்டு காரிலும் இருப்பது ஒரே குலத்துத் தொழில்நுட்பம், மேலே சொன்ன மேக்னரைடு வகை. குலுக்கலை அடக்கும் டேம்பருக்குள் இரும்புத் துகள் கலந்த எண்ணெய். மின்சாரம் பாய்ச்சினால் நொடியில் ஒரு சின்னப் பங்குக்குள் கெட்டியாகிவிடும். 2002 காடிலாக் செவில் எஸ்டிஎஸ்-இல் முதலில் வந்தது. மிச்சிகன் சாலைக் குழிகளில் ஏழு வருடம் இந்தக் காரை ஓட்டியும் என் முதுகு நேராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, டயருக்கு வருவோம். பணம் கரைவது இங்கேதான்.

என் காரில் வந்தது குட்இயர் சூப்பர்கார் 3, முன்னால் 285, பின்னால் 305 மில்லிமீட்டர் அகலம், எல்லாம் 20 அங்குலச் சக்கரம். ஒரு செட் ஏழெட்டு டிராக் நாள் தாங்கும். 23 நாளில் மூன்று செட் தீர்ந்தது. ஒரு செட் 1,700 டாலருக்குக் குறைந்து நான் வாங்கியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு டிராக் நாளுக்கு டயர் பங்கு 220, நுழைவுக் கட்டணம் 275, பிரேக் பேட், ரோட்டர் பங்கு 120, போக வரவும் ஓட்டவும் பெட்ரோல் 150, அந்த ஒரு நாளுக்கான தனி இன்ஷூரன்ஸ் 180. கூட்டினால் 945 டாலர். இன்ஷூரன்ஸைச் சேர்க்காதவர்கள் உண்டு. வழக்கமான கார் பாலிசி டிராக்கில் நடப்பதற்குப் பொதுவாகப் பணம் தராது என்பது தெரிந்துதான் சேர்க்காமல் விடுகிறார்களா, தெரியவில்லை.

டார்க் ஹார்ஸில் இரண்டு வழி. சாதாரணமாக வருவது பிரெல்லி பி ஜீரோ, முன்னால் 255, பின்னால் 275. ஹேண்ட்லிங் பேக்கேஜ் எடுத்தால் ட்ரோஃபியோ ஆர்எஸ், முன்னால் 305, பின்னால் 315. கூடவே கடினமான ஸ்பிரிங், முன்சக்கரச் சாய்வை மாற்றிக்கொள்ள வசதியான மேல் மவுன்ட். கார் எடை என்னுடையதைவிடச் சுமார் 200 பவுண்டு அதிகம். முதுகில் இன்னொரு ஆளைச் சுமந்துகொண்டு ஓடுகிற மாதிரி. அவ்வளவு எடையை 255 முன்டயரில் திருப்பினால் என்ன ஆகும்?

போன அக்டோபரில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஜிஞ்சர்மேனுக்குப் பேக்கேஜ் இல்லாத டார்க் ஹார்ஸ் ஒன்று வந்திருந்தது. மதியம் அதன் சொந்தக்காரர் சக்கரத்தைத் திருப்பி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனபோது குனிந்து பார்த்தேன். முன்டயரின் உள்பக்கம் புதுசு போல இருந்தது. வெளித்தோள் மட்டும் துருவிய தேங்காய் மாதிரி பிசிறு பிசிறாக. சாய்வு போதவில்லை, டயர் தோளில் உருண்டு நிற்கிறது. நாலாவது செஷனில் என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். பிரேக் கடைசி லேப் வரை கல் மாதிரி நின்றது. ஆயில் சூடும் ஏறவில்லை. ஆனால் அன்றைக்கு வெளியே 11 டிகிரி. ஜூலை வெயிலில் என்ன ஆகும் என்பதற்கு அக்டோபர் சாட்சி சொல்ல முடியாது.

அதனால் டிராக்குக்கென்று வாங்கினால் ஹேண்ட்லிங் பேக்கேஜ் இல்லாமல் வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அதற்கு ஒரு விலையும் உண்டு. 305 அகல முன்டயர் சாலையில் இருக்கும் ஒவ்வொரு பள்ளக் கோட்டையும் பிடித்துக்கொண்டு போகும், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருக்க வேண்டும். மழையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குளிரிலும் சங்கடம்தான். என் சூப்பர்கார் 3 டயரே 4 டிகிரிக்குக் கீழே பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கார் கராஜில் சார்ஜரோடு தூங்கும். இன்னொன்று, பெட்ரோல் டேங்க் கமாரோவில் 19 கேலன், மஸ்டாங்கில் 16. ஒரு செஷனுக்கு ஐந்து கேலன் குடிக்கும்போது அந்த மூன்று கேலன் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்னும்.

இவ்வளவு பணத்துக்குக் கார்வெட் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். அதில் கிளட்ச் பெடல் கிடையாது. என் மகனுக்கு உட்கார இடமும் கிடையாது.

கடைசியில் விலை பேசும் மேஜைக்கு வந்தோம். ஸ்டிக்கர் விலைக்குக் கீழே இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது: “சந்தை நிலவரச் சரிக்கட்டல்”, 7,000 டாலர். எதைச் சரிக்கட்ட என்று கேட்டேன். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போன இளைஞர் பத்து நிமிடம் கழித்துக் காபியோடு வந்தார், பதிலோடு வரவில்லை. அந்த ஏழாயிரம் என் நோட்டுப் புத்தகக் கணக்கில் ஏழு டிராக் நாள். காபியைக் குடித்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஜூலையில் ஹேண்ட்லிங் பேக்கேஜ் போட்ட கார் ஒன்றை எடுத்து வருவதாக ஜிஞ்சர்மேன் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நாலாவது செஷனில் எனக்கும் சீட் உண்டாம். அதுவரை பொறுத்துப் பார்க்கலாம். நேற்று ராத்திரி 1எல்இ-க்கு நாலாவது செட் டயர் ஆர்டர் போட்டாயிற்று. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.