ரிசால்வ்டா, டிஎன்எஸ்மாஸ்க்கா, அன்பவுண்டா? சொதப்பும் டிஎன்எஸ்ஸுக்கு நான் பிடித்த வழி

இணைப்பில் ஒரு குறையும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பதிவிறக்கம் நிற்காது, ஐபி முகவரிக்கு பிங் விட்டால் பதில் உடனே வரும். ஆனால் புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு சட்டென்று பக்கம் மொத்தமும் வந்து விழும். எப்போதும் இல்லை, அவ்வப்போது. எரிச்சலில் ஒருநாள் நொடிகளை எண்ணினேன். ஐந்து. மறுபடியும் ஐந்து. நாலும் இல்லை, ஆறும் இல்லை.

அந்த ஐந்துதான் துப்பு. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் பெயர் தேடும் வேலையை ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்திடம் விட்டுவிடுகின்றன. டிஎன்எஸ் சர்வர்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதலில் இருக்கும் சர்வரிடம் அது கேட்கும். வேறு ஏதும் சொல்லாவிட்டால் 5 நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த சர்வரிடம் போகும். வலைப் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை, டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டில் ஓடவிட்டுப் பார்த்தேன். ரவுட்டருக்குக் கேள்வி போகிறது. பதில் வரியைக் காணோம். ஐந்து நொடி கழித்து அதே கேள்வி இரண்டாவது சர்வருக்குப் போகிறது. கண் மூடித் திறப்பதற்குள் பதில். ரவுட்டருக்குள் இருக்கும் டிஎன்எஸ் இடையிடையே தூங்கிவிடுகிறது. ரவுட்டரை மாற்றிவிடலாமே என்பீர்கள். அது என் கையில் இல்லை.

ஆக, கணினிப் பக்கம்தான் ஏதாவது செய்தாக வேண்டும். வெறும் கோப்பையே சீர்படுத்துவது, அல்லது கணினியிலேயே ஓடி டிஎன்எஸ் கேள்விகளைக் கவனிக்கும் நிரல்களான சிஸ்டம்டியின் ரிசால்வ்ட், டிஎன்எஸ்மாஸ்க், அன்பவுண்ட் என்று நான்கையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். இப்போது மேசைக் கணினியில் இருப்பது டிஎன்எஸ்மாஸ்க். தற்காலிகச் சேமிப்பு, வேகம், நினைவகம் எல்லாம் இந்த அளவு வேலைக்கு யாரிடமும் பிரச்சினை இல்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: ஒரு சர்வர் கைவிட்டால், அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறதா?

ஜிலிப்சிக்கு அந்த ஞாபகம் கிடையாது. முதல் சர்வர் செத்துக் கிடந்தாலும் அடுத்த பெயருக்கும் அதனிடமே போய் நிற்கும். நேற்று ஏமாற்றியவன் வாசலில் இன்றும் போய்க் காத்திருப்பது மாதிரி. கோப்பில் காத்திருப்பு நேரமான டைம்அவுட்டை 1 என்று குறைத்தேன். ஐந்து நொடி ஒரு நொடியானது, அவ்வளவுதான். ஒரு பக்கம் பத்து வெவ்வேறு பெயர்களிலிருந்து படமும் எழுத்துருவும் இழுக்கிறது என்றால், அந்த ஒரு நொடியே பல இடங்களில் தலைகாட்டும். ரொட்டேட் என்ற ஆப்ஷனைப் போட்டால் கேள்விகள் சர்வர்களுக்கிடையே பிரியும். பாதி கேள்விகள் செத்த சர்வரிடமே போகும். கோப்பில் எத்தனை வரி எழுதினாலும் முதல் மூன்று சர்வர்களைத்தான் அது எடுத்துக்கொள்ளும் என்பதும் பலருக்குத் தெரியாமல் போகிற சங்கதி.

இந்தக் கோப்பு வழி கைகொடுக்கும் கேஸ் ஒன்று உண்டு. நேராக சர்வரிடம் கேட்கும் டிக் கட்டளை எப்போதும் உடனே பதில் தருகிறது, ஜிலிப்சி வழியாகக் கேட்கும் கெட்என்ட் மட்டும் ஐந்து நொடி இழுக்கிறது என்றால் சர்வர் சாகவில்லை. ஐபி முகவரியின் பழைய, புதிய வடிவங்களான ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஜிலிப்சி ஒரே சாக்கெட்டில் (இணைப்பு முனையில்) ஒரே நேரத்தில் கேட்கிறது. சில ரவுட்டர்கள் குழம்பி ஒன்றுக்கு மட்டும் பதில் தருகின்றன. அங்கே சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன் என்ற ஒற்றை ஆப்ஷன் போதும், வேறு எதையும் நிறுவ வேண்டாம். அதனால் எதைத் தொடுவதற்கும் முன் இந்த இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ரிசால்வ்ட் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கலாம். ஃபெடோரா லினக்ஸ் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து அதைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது. ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.53 என்று தெரிந்தால் அதுதான். இதற்கு ஞாபகம் உண்டு. ஒரு சர்வர் கைவிட்டால் அடுத்ததற்குத் தாவும், ஜிலிப்சி மாதிரி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்காது. சிக்கல் என்னவென்றால், தாவிய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். முதல் சர்வர் பிழைத்து எழுந்தாலும், இப்போது பிடித்திருப்பது சொதப்பும்வரை திரும்பிப் பார்க்காது. பாக்கெட் கொஞ்சம் தொலைந்தாலே அந்த சர்வருக்குப் புதிய வசதிகள் புரியாது என்று முடிவுகட்டி, தரத்தைக் குறைத்துப் பேசத் தொடங்கும். கணினியின் பதிவேட்டில் (லாக்) 'டிகிரேடட் ஃபீச்சர் செட்' என்ற வரிகள் வரிசையாக விழும். என் பதிவேடு அதனால் நிரம்பியிருந்தது.

டிஎன்எஸ்மாஸ்க் வேறு மாதிரி. தொடக்கத்தில் எல்லா சர்வர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும். முதலில் பதில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளும். அதோடு விடாது. இடையிடையே மறுபடியும் எல்லோரிடமும் கேட்டு, யார் முந்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும். தூங்கிய சர்வர் தானாக ஒதுங்கும், விழித்தால் தானாகப் போட்டிக்கு வரும். நான் எதையும் மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை. ஸ்ட்ரிக்ட்-ஆர்டர் என்ற வரியைப் போட்டுவிட்டால் இந்த குணம் போய்விடும். 'வரிசைப்படி கேட்டால் நல்லதுதானே' என்று நானே முதலில் அதைப் போட்டு ஒரு மாலையைத் தொலைத்தேன்.

இன்னொன்று, யார் மேல் தப்பு என்று கேட்டால் சொல்லும். டிஎன்எஸ்மாஸ்க் நிரலுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால், எந்த சர்வருக்கு எத்தனை கேள்விகள் போயின, எத்தனை தோற்றன என்று பதிவேட்டில் எழுதிவைக்கும். ரவுட்டர் வரியில் மட்டும் தோல்வி எண் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தபோதுதான், சந்தேகப்பட்டது சரிதான் என்று நிம்மதி வந்தது.

நிறுவும்போது ஒரு இடறல் உண்டு. ரிசால்வ்ட் ஏற்கெனவே 53-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருந்தால், 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று டிஎன்எஸ்மாஸ்க் எழும்பாமல் விழும். கேள்விகளை அது வாங்கும் முகவரியாக 127.0.0.1-ஐக் கொடுத்து, பைண்ட்-இன்டர்ஃபேஸஸ் வரியையும் சேர்த்தால் இரண்டும் சண்டை இல்லாமல் இருக்கும். பிறகு, ரிசால்வ்.கான்ஃபைப் படிக்காதே என்று சொல்லும் நோ-ரிசால்வ் வரியைப் போட்டு, சர்வர்களை அதன் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். இயல்பாக அது 150 பெயர்களைத்தான் நினைவில் வைக்கும். நான் 1000 ஆக்கிக்கொண்டேன். வலை இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் ரிசால்வ்.கான்ஃபை மறுபடி அழித்தெழுதாமல் இருக்க, அதன் அமைப்பில் டிஎன்எஸ் என்பதற்கு 'நன்' (எதுவுமில்லை) என்று கொடுக்க வேண்டும். இதை மறந்தால் அடுத்த முறை வைஃபை இணையும்போது எல்லாம் பழைய கதை.

இந்த ஞாபகத்துக்கு ஒரு விலையும் உண்டு. அலுவலக உள்வலை சர்வரையும் பொது சர்வரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். பொது சர்வர் முந்திக்கொண்டு 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொன்னால், அதுவும் பதில்தான். இரண்டாவது சர்வர் என்பது பதிலே வராதபோது கேட்பதற்கு. மாற்றுக் கருத்துக்கு அல்ல. உள் டொமைனுக்குத் தனி சர்வர் வரி எழுதுவதே சரி.

அன்பவுண்டை ஒரு மாதம்தான் ஓட்டினேன், அதனால் அடித்துப் பேச மாட்டேன். ரவுட்டரையோ பொது சர்வரையோ நம்பாமல் பெயர் அமைப்பின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களிலிருந்து தானே தேடி வரும், பதில் போலியில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தையும் சரிபார்க்கும். கொள்கையளவில் இதுவே சுத்தமான வழி. ஆனால் என் பழைய பெட்டியில் மதர்போர்டு பேட்டரி போய், கணினி எழும்போதெல்லாம் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் நிற்கும். நேரம் தப்பு என்றால் கையொப்பம் செல்லாது, பெயர் கிடைக்காது. நேரத்தைத் திருத்த, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் பெயரைத் தேட வேண்டும், அதுவும் கிடைக்காது. பேட்டரி மாற்றினால் தீர்ந்திருக்கும், நான் அன்பவுண்டை மாற்றினேன்.

மடிக்கணினியில் மட்டும் இன்னும் ரிசால்வ்ட்தான். விபிஎன் இணைந்ததும் எந்தப் பெயர் எந்த வழியில் போக வேண்டும் என்பதை இடைமுகம் வாரியாக அதுவே பிரித்துக்கொள்கிறது. அந்த வரிகளை டிஎன்எஸ்மாஸ்க்கில் கையால் எழுதிப் பராமரிக்க எனக்குப் பொறுமை இல்லை.