ஆறு வாரத்துக்கு யாரை வைப்பது? வீட்டுப் பராமரிப்பில் நாங்கள் பார்த்த நான்கு வழிகள்

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பாதி மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்த சிஸ்டர், "ஒரு ஆறு வாரம் நல்லா பாத்துக்கங்க சார்" என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று சீட்டில் எழுதியிருக்கவில்லை. திருவானைக்காவல் வீட்டில் அம்மாவும், காது மந்தமான அப்பாவும்தான். நான் சென்னையில், அக்கா திருப்பூரில்.

அந்த ஆறு வாரத்தில் மூன்று ஏற்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தோம். கூடவே அரசுத் திட்டமும் ஓரமாக நடந்தது. இந்த நான்கையும் ஒப்பிட்டு எழுதுவதற்கு முன் ஒரு விஷயம். வீட்டுக்கு ஆள் வைப்பவர்கள் வழக்கமாகப் பார்ப்பது மூன்று: நேரத்துக்கு வருகிறாரா, சுத்தமாக இருக்கிறாரா, அன்பாகப் பேசுகிறாரா. வருடக்கணக்கில் வேண்டிய பராமரிப்புக்கு இது பெரும்பாலும் போதும். ஆறு வாரப் பராமரிப்புக்குப் போதாது. வந்தவரின் வேலை வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். கடைசியில் அவர் தேவையே இல்லாமல் போக வேண்டும். முதல் நாள் போலவே இருபதாம் நாளும் எல்லாவற்றையும் அவரே செய்துகொண்டிருந்தால், அவர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் பராமரிப்பு சரியில்லை.

இதை அளக்க பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1965-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படியேறுவது என்று பத்து வேலைகள், எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று பார்த்து மொத்தம் 100 மதிப்பெண். பள்ளிக்கூட மார்க் ஷீட் மாதிரி யாரும் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி பிசியோ அம்மாவுக்குப் போட்டது 45.

முதலில் ஏஜென்சி. 24 மணி நேரமும் ஆள், மாதத் தொகை முன்பணம். "ஜி.என்.எம். முடிச்ச நர்ஸ் வருவாங்க" என்றார்கள். ஜி.என்.எம். என்பது மூன்று வருடப் படிப்பு. முடித்தவருக்கு நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். வந்தவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண். சில மாதப் பயிற்சியோடு வந்திருந்தார். பதிவு எண் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், பொய் சொன்னது அவரில்லை.

நல்ல பிள்ளை. அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பார், துடைத்துவிடுவார், தலை பின்னிவிடுவார். வினையும் அங்கேதான் இருந்தது. சிறுநீர் வந்தால் சொல்லத் தெரிந்த அம்மாவிடம், "டயாப்பர்லயே போயிருங்க பாட்டி, நான் மாத்திக்கிறேன்" என்றிருக்கிறார். ராத்திரி நாலு முறை எழுந்து கமோடு நாற்காலிக்கு மாற்றுவதைவிட அது சுலபம். 24 மணி நேர வேலை என்று நாம் எழுதிக்கொள்கிறோம், எந்த மனுஷியால் 24 மணி நேரம் விழித்திருக்க முடியும்?

ஏஜென்சி ஒரு நோட்டு கொடுத்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது, பி.பி., சாப்பாடு எல்லாம் அதில் எழுத வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை திருச்சி போய்ச் சேர்ந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு நோட்டைப் புரட்டினால், அன்றைய இரவு 2 மணிக்கு எதிரே "இடது பக்கம் திருப்பினேன்" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. 4 மணிக்கு வலது பக்கம். பத்து நாளாக பி.பி. 120/80, ஒரு புள்ளி மாறவில்லை. அம்மாவின் குதிகாலைப் பார்த்தேன். சிவப்பாக ஒரு வட்டம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப் புண் ஆரம்பிப்பது அப்படித்தான். ஆகவே நோட்டைப் படிக்காதீர்கள். குதிகால், முதுகின் கீழ்முனை, இடுப்பு ஓரம், இந்த மூன்று இடங்களைப் பாருங்கள். பதினெட்டாம் நாள் மதிப்பெண் 50.

அடுத்தது சித்தி. லால்குடியிலிருந்து தானாகவே வந்தார். பத்து நாள். வீடே மாறிப்போனது: ரசம் மணந்தது, அம்மா சிரித்தார், பகலில் தூங்காததால் ராத்திரி தூங்கினார். டயாப்பரும் போனது. இதையெல்லாம் எந்த ஏஜென்சியும் தராது. ஆனால் எழுந்து நிற்க விடமாட்டார். "நீ படுக்கா, நான் இருக்கேன்ல!" அன்பினால் செய்தாலும் சம்பளத்துக்குச் செய்தாலும் காலுக்கு ஒன்றுதான், நடக்காத கால் இளைக்கும். ஒருநாள் முக்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டியிருக்கிறார். இந்த அறுவைக்குப் பிறகு இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, தாழ்வான இருக்கையே ஆகாது. அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உறவுக்காரர் பராமரிப்பில் பெரிய குறையே இதுதான்: தரம் பார்க்கிற உரிமை நமக்கு இல்லை. ஏஜென்சியிடம் ஆளை மாற்றச் சொல்லலாம், சித்தியை மாற்ற முடியுமா?

மூன்றாவது, துண்டு துண்டாகச் சேர்த்த ஏற்பாடு. பகல் 12 மணி நேரத்துக்குப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், வாரத்தில் நாலு நாள் வீட்டுக்கே வரும் பிசியோ. அவர் வந்த முதல் நாள் அம்மா கையை நீட்டினார். பிசியோ பிடிக்கவில்லை. "நான் பக்கத்துலயே நிப்பேன்மா, பிடிக்க மாட்டேன். வாக்கரைப் பிடிச்சு நீங்களே எழுந்திருங்க." மூன்று முறை முயன்று நாலாவது முறை எழுந்தார். அப்பா அழுதுவிட்டார். தான் போன பிறகு மற்ற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்துத் தெரு அக்காவுக்கும் பிசியோ சொல்லிக்கொடுத்தார். உண்மையில் பலன் கொடுத்தது அந்தப் பாடம்தான் என்று நினைக்கிறேன். ஓட்டை ராத்திரியில்: அக்கா ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார், அப்பாவுக்கு மணியடித்தாலும் கேட்காது. கடைசி இரண்டு வாரம் திருப்பூர் அக்காவும் நானும் மாறி மாறி வந்து படுத்தோம். அது முடியாத குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு சரிவராது. ஆறாவது வாரக் கடைசியில் மதிப்பெண் 80. அறுவைப் புண் ஆறியதும் இதில் சேர்ந்திருக்கும், எல்லாப் பெருமையும் பிசியோவுக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டயாப்பர் காலத்தில் வெறும் ஐந்து ஏறியதையும் மறக்க முடியவில்லை.

நாலாவது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். அப்பாவின் பி.பி. மாத்திரை அதில்தான் வீட்டுக்கு வருகிறது. இயன்முறை சிகிச்சையும் திட்டத்தில் உண்டு என்று கொண்டுவருகிற தன்னார்வலர்தான் சொன்னார். அதில் வந்த பிசியோ ஒரு பெரிய பகுதி முழுவதையும் பார்க்கிறவர், இரண்டு முறைதான் வர முடிந்தது. அதனால் தானே செய்து காட்டியதைவிட எங்களைச் செய்ய வைத்ததே அதிகம். தினமும் ஆள் வேண்டியவர்கள் இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் என் அளவுகோலில், ஒரு வருகைக்கு இவ்வளவு பலன் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். செலவும் இல்லை.

இங்கிலாந்தில் இப்படித் திரும்ப நடக்க வைக்கிற வீட்டுப் பராமரிப்பை ஆறு வாரம் வரை கட்டணமில்லாமல் தருகிறார்கள். பராமரிப்பு நிறுவனங்களைச் சோதித்து நான்கு தரமாகப் பிரித்துப் பொதுவில் போட ஓர் அமைப்பும் இருக்கிறது. நமக்கு இருப்பது கூகுள் நட்சத்திரம். அதையும் ஆள் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் முதல் வாரத்திலேயே போட்டுவிடுகிறோம்.

இந்த வரிசை அம்மாவைப் போல அறுவை முடிந்து தேறுகிறவர்களுக்கு மட்டும். மூக்குக் குழாய், தொண்டைக் குழாயோடு வீட்டுக்கு வருகிறவருக்கு சித்தியும் போதாது, பக்கத்துத் தெரு அக்காவும் போதாது. பதிவு எண் உள்ள நர்ஸ்தான் வேண்டும். ஏஜென்சிக்குப் போன் போடும்போதே, குழாயில் கஞ்சி ஊற்றும் முன் தலைமாட்டை எவ்வளவு உயர்த்துவீர்கள் என்று கேளுங்கள். "பாதி உட்கார்ந்த மாதிரி, ஊத்தி முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுத்தான் படுக்க வைப்போம்" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "அதெல்லாம் பொண்ணு பாத்துக்கும் சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.